எடை போட வந்தவன் கேட்டது

பள்ளத்தூரில் அந்த வீட்டுக்கு
முப்பத்தொரு பங்கு.
சாவி நாலு பேரிடம்,
சண்டை எல்லோரிடமும்.
ஆவணி மூன்றாம் நாள் தராசோடு போனேன்.
குத்துப்போணி, வெண்கலப் பானை, மங்குச் சாமான்,
மேலே தொங்கும் பெல்ஜியம் கண்ணாடி விளக்கு ஏழு.
காரைக்குடியில் எனக்குக் கடை.
தட்டிப் பார்த்தே விலை சொல்வேன்.
ஈயம் பூசி மறைத்த ஓட்டை
என் விரல் முட்டிக்குத் தெரியும்.

குத்துப்போணி பதினேழா பதினெட்டா என்று
அண்ணன் தம்பிக்குள் தகராறு முற்றியபோது
சிகப்பி ஆச்சியின் கைபேசி அடித்தது.
ஆச்சிக்கு வயசு நாற்பத்திரண்டுதான்.
ஜெர்மனியில் ஏதோ ஊரில்
கூட்டத்தோடு நின்று பாடுகிற உத்தியோகம்.
கூட்டத்தில் ஒருத்தி என்பதைச்
சொந்தக்காரர்கள் வேறு குரலில் சொல்வார்கள்.

அங்கே ஒருத்திக்குத் தொண்டை கட்டிவிட்டதாம்.
அடுத்த ஞாயிறு ஆப்பெரா.
அதில் ஒரு பாட்டு,
எழுதிய காலத்திலேயே வெட்டி எறிந்தது,
இருநூறு வருஷத்தில்
விரல்விட்டு எண்ணும் தடவைதான் மேடை ஏறியது.
யாருக்கும் பாடமில்லை.
இவருக்குப் பாடம்.
பதினொரு வருஷம் முன்னால்
ஒருவரும் சொல்லாமல் படித்து வைத்திருக்கிறார்.

கேட்பாரில்லாத சரக்கு பற்றி
எனக்கும் கொஞ்சம் தெரியும்.
என் கிடங்கில் ஒரு கப்பல் மணி
ஒன்பது வருஷமாய்க் கிடக்கிறது.

இப்போதே பாடிக் காட்டு என்றாராம் நடத்துநர்.
கைபேசியை உரல்மேல் சாய்த்துவைத்தார் ஆச்சி.
"புருஷன் கப்பலேறுகிறான். நிறுத்தப் பாடுகிறாள்."
"நிற்பானா?" என்றார் பெரியம்மா.
"மாட்டான்."
செருப்பை உதறிவிட்டுப்
பட்டாலைக் கல்லில் காலூன்றி நின்றார்.

முதலில் பெரிதாய் ஒன்றுமில்லை.
ஒரு பெண் யாரையோ கூப்பிடுகிறாள், அவ்வளவுதான்.
பிறகு சொல் தீர்ந்துபோனது.
ஒரே ஓர் 'ஆ'.
அதைப் பிடித்துக்கொண்டு படியேறினார்,
இரண்டிரண்டாய், மூன்று மூன்றாய்,
உச்சியில் இளைப்பாறாமல் இறங்கி
இறங்கின வேகத்தில் திரும்ப ஏறி.
தட்டிலிருந்து கடுகு கொட்டுவதுபோல,
ஆனால் ஒவ்வொரு கடுகும் தனியாய்.
எண்ணினேன், தொழில் பழக்கம்.
நாற்பத்தாறில் விட்டுவிட்டேன்.

கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே
ஒரு சுரத்தில் நின்றார்.
நகரவில்லை.
அப்போது விளக்குகள் பதில் பேசின.
ஆறு சுத்தமாக.
வடக்கு மூலையில் ஏழாவது மட்டும்
கண்ணாடிக்குள் ஈ மாட்டின மாதிரி.

விரிசல்.
ஏணி போட்டுத் தட்டியிருந்தாலும்
எனக்குத் தப்பியிருக்கும்.
பக்கத்தில் கானாடுகாத்தான் ஓட்டல்காரர்.
ஏழும் பழுதில்லை என்று
நேற்றே அவரிடம் முன்பணம் வாங்கிவிட்டேன்.
அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
காதில் விழவில்லை, நல்லது.

"போகிறவனை நிறுத்த இத்தனை சங்கதியா"
என்றார் பெரியம்மா, யாரிடமும் இல்லாமல்.
உரல்மேலிருந்து கைபேசி ஏதோ கேட்டது.
ஆச்சியின் முகம் சுருங்கியது.
"உச்சியில் இரைச்சல் இருந்ததாம்.
என் குரலா என்கிறார்."
அண்ணாந்து வடக்கு மூலையைப் பார்த்தார்.
அப்புறம் என்னை.
"ராவுத்தரே, உங்களுக்குக் கேட்டதா?"

வந்திருந்த பதினாலு பங்கும் என்னைப் பார்த்தது.
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
மணியைத் தட்டிவிட்டு
ஓசையே இல்லை என்பதா.
உரலருகே குனிந்து, உரக்க,
அந்த ஊர்க்காரருக்குத் தமிழிலேயே சொன்னேன்:
"விளக்கு சார். விளக்கில் விரிசல்.
அம்மா குரலில் ஒன்றுமில்லை."

ஆச்சி அதை ஜெர்மனில் சொன்னார்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
பிறகு விமானம் பற்றிப் பேசினார்கள்.

குத்துப்போணி பதினெட்டு என்று முடிவாயிற்று.
பட்டியலில் நான் எழுதினேன்:
'விளக்கு ஏழு. ஒன்று, பாடினால் தெரியும்.'
ஓட்டல்காரர் அதை அடித்துவிட்டு
'விரிசல்' என்று எழுதி
ஆறுக்குக் காசு கொடுத்தார்.